ஒரு கோடா, இரண்டு கோடா

மலேரியாப் பரிசோதனைக்கு எங்கள் பள்ளியில் என்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். நியாயமாக அந்த வேலை அறிவியல் ஆசிரியருக்குப் போயிருக்க வேண்டும். சுற்றறிக்கை வந்த காலையிலேயே அவருக்கு முழங்கால் வலி தொடங்கிவிட்டது. பயிற்சி நடக்கும் கூடம் மாடியில் என்பதை எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தார்.

தலைமையாசிரியர் தர்மபுரிக்காரர். யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்; புகழ்ந்தே கவிழ்த்துவிடுவார்.

"டீச்சர், உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி. போன வருசம் கிளாசுல பாம்பு வந்தப்ப எல்லாரும் ஓடிட்டாங்க, நீங்க ஒருத்தருதான் நின்னீங்க."

நான் நின்றது உண்மைதான். கால் நகரவில்லை, அதனால் நின்றேன். அதை அவரிடம் அப்போதே சொல்லாததால் வந்த வினை இது.

எனக்குத் துணையாகப் பி.டி. சாரை அனுப்பினார். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, கழுத்தில் எப்போதும் தொங்கும் விசில். திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, சில வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு வந்தவர். அவர் வராந்தாவில் நடந்தால் மூன்று வகுப்புகள் தானாக அமைதியாகும். "ஊசி குத்தற வேலை. பட்டாளத்துக்காரரு கூட இருந்தா நல்லதுதான?" என்றார் தலைமையாசிரியர். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

எங்கள் பள்ளி ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையில் ஜூஜுவாடிப் பக்கம் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அத்திப்பள்ளிக்குப் போகும் லாரிகள் தெரியும். பிள்ளைகளின் அப்பா அம்மா பெரும்பாலும் கம்பெனி ஆட்கள். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை, ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளை எல்லாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் ஆத்திசூடி படிக்கும். ஊருக்குப் போய்த் திரும்பும் பிள்ளைகளில் சிலர் காய்ச்சலோடு வருவார்கள். பெற்றோர் ஷிப்டில் இருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்காது. ஆகவே பள்ளியிலேயே விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியா என்றால் டாக்டரைப் போனில் கேட்டு முதல் வேளை மாத்திரையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. கேட்பதற்குச் சின்ன வேலைபோல இருந்தது.

பயிற்சி ஓசூரில். பல பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் ஆரம்பச் சுகாதார நிலையத்து லேப் டெக்னீசியன், என் மாணவி என்று சொல்லக்கூடிய வயதுப் பெண். தமிழில் பேசுவார், அவசரத்தில் கன்னடம் எட்டிப்பார்க்கும்.

ஆசிரியர்களை மாணவர்களாக உட்காரவைத்தால் என்ன ஆகும் என்பதை அன்றுதான் பார்த்தேன். முன்வரிசை காலியாக இருந்தது; பின்வரிசைக்கு அடிதடி. ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு தலைமையாசிரியர் மேசைக்குக் கீழே செல்போனில் கிரிக்கெட் பார்த்தார். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் கூடமே அதிரும்படி "புரிஞ்சுது" என்றோம். ஒருவரை எழுப்பிக் கேட்டால் அவர் தரையைப் பார்த்தார். ஒருவருடைய பேனா எழுதவில்லை. ஒருவரைப் பக்கத்தில் இருந்தவர் தள்ளினாராம்.

சோதனை அட்டையை எல்லார் கையிலும் கொடுத்தார் அந்தப் பெண். வெள்ளை நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை. ஒரு குழியில் ரத்தச் சொட்டு, இன்னொன்றில் மருந்துத் தண்ணீர். கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் மலேரியா இல்லை. கூட இன்னொரு கோடு வந்தால் இருக்கிறது; அது வரும் இடத்தை வைத்து எந்த வகை என்று தெரியும். ஒன்றுமே வராவிட்டால் அட்டை சரியில்லை, வேறு எடுக்க வேண்டும்.

என் பக்கத்தில் இருந்த டீச்சர் அட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார். "இந்தப் பாடம் எனக்கு ஏற்கெனவே தெரியுங்க. ரெண்டு தடவ ரெண்டு கோடு வந்துச்சு. ஒண்ணு காலேஜ் போவுது, ஒண்ணு ப்ளஸ் டூ."

என் சிரிப்பு அடுத்தவருக்குத் தாவி, அவரிடமிருந்து அந்த வரிசை முழுக்கப் பரவிவிட்டது.

"அங்க என்னா சிரிப்பு? எல்லாருக்கும் சொன்னா நாங்களும் சிரிப்போமில்ல?" என்றார் லேப் பெண்.

இருபது வருடமாக நான் வகுப்பில் சொல்லிவரும் வாக்கியம். அதை வாங்கிக்கொள்கிற இடத்திலிருந்து கேட்டால் எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது!

அப்புறம் ஜோடி ஜோடியாக ஒருவர் விரலை ஒருவர் குத்திப் பார்க்கச் சொன்னார். எனக்குப் பி.டி. சார் ஜோடி. அவருடைய கைக்கு உறை போதவில்லை. பாதி விரலோடு நின்றுவிட்டது. என் முறை முதலில். அவர் விரலைத் துடைத்தேன். குத்தினேன். ஒன்றும் வரவில்லை, பட்டாளத்துத் தோல். இன்னொரு முறை அழுத்திக் குத்தினேன். சிவப்பாக ஒரு சொட்டு, கடுகு அளவுக்கு எட்டிப்பார்த்தது.

"வலிக்குதா சார்?"

"சே, இதெல்லாம் ஒரு..." என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. மீசை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு ஆள் சாய்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் அவ்வளவு மெதுவாக நாற்காலியிலிருந்து வழிந்து இறங்குவதை நான் அதுவரை பார்த்ததில்லை. பிடிக்கப் போன இரண்டு கணக்கு வாத்தியார்களும் கூடவே உட்கார வேண்டியதாயிற்று.

லேப் பெண் பதறவேயில்லை. "ஸ்வல்ப தள்ளுங்க, காத்து வரட்டும். காலைத் தூக்கி வைங்க" என்றார். "எப்பவும் ஒருத்தராவது விழுவாங்க. பெரிய ஆளுங்கதான் விழுவாங்க."

கண் திறந்ததும் பி.டி. சார் சொன்ன முதல் வார்த்தை, "காலைல சாப்பிடலல்லா, அதான் கிறக்கம்."

அன்று காலை பஸ் நிலையத்து ஓட்டலில் அவர் பொங்கலும் வடையும் சாப்பிட்டு, மேலே ஒரு தோசையும் சொன்னதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். ஆனாலும் தலையாட்டினேன்.

அடுத்து அவர் என்னைக் குத்தும் முறை. குத்தும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன். லேப் பெண் ஒருத்தி மட்டும் திறந்து வைத்திருந்ததால் காரியம் நல்லபடி முடிந்தது. இருவர் அட்டையிலும் ஒரே கோடு. "பாஸ்தானே?" என்று கேட்டார் பி.டி. சார்.

திரும்பும் பஸ்ஸில், இறங்கும் இடம் நெருங்கும்போது பி.டி. சார் மெதுவாகச் சொன்னார். "டீச்சர், இத பள்ளிக்கொடத்துல யார்கிட்டயும் சொல்லிராதிய."

"எதை சார்?"

"அதான்... நான் சாப்பிடாம வந்தத."

பள்ளியில் எங்களுக்கு ஒரு மேசை, ஒரு பெட்டி, குத்திய ஊசிகளைப் போட ஒரு டப்பா எல்லாம் கிடைத்தன. பெற்றோர் கூட்டத்தில் எல்லாருக்கும் விளக்கிச் சம்மதம் வாங்கினோம். முதல் வாரம், கணக்குப் பரீட்சை அன்று எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் காய்ச்சல். வரிசையாக வந்து நின்றார்கள். நான் ஊசியின் மூடியைத் திருகிக் கழற்றினேன். அதைப் பார்த்ததும் முதலில் நின்றவனுக்குக் காய்ச்சல் இறங்கியது. அவன் இறங்கியதைப் பார்த்து அடுத்தவனுக்கு. வரிசை கலைய அதிக நேரம் பிடிக்கவில்லை. கணக்கு டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

நிஜக் காய்ச்சலும் சில வந்தன. எல்லாம் ஒற்றைக் கோடு. ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம். பி.டி. சார் தனக்கென்று ஒரு வேலையைக் கண்டுபிடித்துவிட்டார். "நீங்க குத்துங்க டீச்சர், நான் டைம் பாக்கேன்." நான் பெட்டியைத் திறந்ததும் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி, ஓட்டப்பந்தயத்துக்கு வைத்திருந்த ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துக்கொள்வார். கால் மணி நேரமும் கண்ணை அதிலிருந்து எடுக்க மாட்டார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று பிள்ளைகள் நினைத்தார்கள்.

ஐந்தாம் வகுப்பில் ஓர் ஒடிசாப் பெண் இருந்தாள். வந்த முதல் வருடத்திலேயே தமிழைப் பிடித்துக்கொண்டாள். கூடவே கன்னடத்தையும், பஸ் நிலையத்தில் மட்டும் புழங்கும் சில வார்த்தைகளையும். புதிதாக வரும் வடநாட்டுப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் அவள்தான் தரகர். வாயை மூடி உட்காரச் சொல்லிச் சொல்லி நான் அலுத்துப்போயிருந்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய சில நாளில், ஒருநாள் காலை அவள் பேசவில்லை. நான் பாட்டு நடத்தி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பக்கத்துப் பெண்ணின் ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல் தந்தியடித்தது. தொட்டால் கை சுட்டது. அலுவலக அறைக்குக் கூட்டிவந்து விரலைத் துடைத்தேன்.

"டீச்சர், எத்தன தடவ தொடைப்பீங்க? விரல் தேஞ்சிடாதா?"

குத்தினேன். அவள் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. பி.டி. சார் சுவரைப் பார்த்தபடி பட்டனை அழுத்தினார். முதல் கோடு உடனே வந்தது. நான் அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரம் முடிவதற்குள் அதன் அடியில் ஏதோ தெரிவது போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

"சார், நீங்க கொஞ்சம் பாருங்க."

"ரத்தமா இருக்கா?"

"இல்ல, காஞ்சிருச்சு. பாருங்க."

திரும்பி வந்து குனிந்து பார்த்தார். "ரெண்டு, டீச்சர்" என்றார். மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும் அவர் குரல் அன்று எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பயிற்சியில் எல்லாம் சிரித்துக்கொண்டே கற்றிருந்தோம். இரண்டாவது கோட்டை நேரில் பார்த்ததும் போனைத் தேடி எடுத்து, சுகாதார நிலையத்து டாக்டரைக் கூப்பிட்டு, கோடு எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

"தண்ணி குடிக்கிறாளா? வாந்தி இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"குடிக்கிறா. வாந்தி இல்ல டாக்டர்."

"மயக்கமா, தூக்கக் கலக்கமா இருக்காளா?"

"என்னையே கேள்வி கேக்கறா டாக்டர்."

"அப்ப நல்லது. ஏதாவது சாப்பிட வெச்சு முதல் வேளை குடுங்க. வண்டி அனுப்பறேன். அம்மாவ வரச் சொல்லுங்க."

சத்துணவுச் சோறு நாலு வாய் சாப்பிட்டாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, "இது வேப்பங்கொட்டைக்கு அண்ணன்" என்றாள்.

அவள் அம்மா ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. உள்ளே போன் கொண்டுபோகக்கூடாது. சூப்பர்வைசர் மூலமாகத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கம்பெனிக் கோட்டும் தலையில் வலைத் தொப்பியுமாக அப்படியே ஓடிவந்தார். வண்டி வருவதற்குள், டாக்டர் போனில் மேற்கொண்டு சொன்னதையெல்லாம் அவருக்கு விளக்கிவிட நினைத்தேன். அவருக்கு ஒடியாதான் தெரியும். மொழிபெயர்க்க இருந்த ஒரே ஆள் நோயாளி.

"இது ஒளிஞ்சிருந்து மறுபடி மறுபடி வர்ற மலேரியா. உன் ரத்தத்தை இன்னொரு தடவ பார்த்துட்டு, ஒத்துக்கும்னா வேற ஒரு மாத்திரை தருவாங்க. ரெண்டு வாரம் ஒருநாள்கூட விடக்கூடாதுன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றேன்.

அவள் சின்னதாக ஏதோ சொன்னாள். அம்மா கவலையோடு தலையாட்டினார்.

"வெறும் வயித்துல சாப்பிடக்கூடாதுன்னு சொல்லு."

இது மட்டும் நீண்ட பேச்சாகப் போயிற்று. அம்மா இன்னும் தீவிரமாகத் தலையாட்டினார். எனக்கு ஒடியா தெரியாது. ஆனால் நடுவில் இரண்டு தடவை "கிரீம் கேக்" என்ற சொல் வந்தது.

சுவரோரம் நின்ற பி.டி. சார் திரும்பினார். "ஏட்டி, மலேரியாவுல கேக் எங்க வந்துச்சு?"

"வெறும் வயித்துல கூடாதுன்னு டீச்சர்தான சொன்னாங்க?" என்றாள், பல் தந்தியடிக்க.

பி.டி. சார் தன் பட்டாளத்து இந்தியை எடுத்தார். திருநெல்வேலி ராகத்தில் அந்த இந்தியைக் கேட்க வேடிக்கையாக இருந்தாலும், அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் இந்தி தெரிந்திருந்ததால் விஷயம் போய்ச் சேர்ந்தது. எல்லாம் கேட்டுமுடித்து அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். எங்கள் ஊர் அம்மாக்கள் பார்க்கும் அதே பார்வை. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வண்டி வந்து இருவரையும் ஏற்றிப்போயிற்று; டாக்டர் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மாலை நானும் பி.டி. சாரும் அவள் வீட்டுக்குப் போனோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், அறைக்கொரு குடும்பம், வாசலில் மூடாத தண்ணீர் டிரம்கள். உள்ளே பாயில் கிடந்தாள். மாத்திரை உள்ளே போயிருந்தும் காய்ச்சல் மறுபடி ஏறியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அம்மா வேலைக்குப் போகாமல் ஈரத்துணியோடு பக்கத்தில் இருந்தார். நான் டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். மருந்து பிடிக்க ஒன்றிரண்டு நாள் ஆகும், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள், வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே கொண்டுவாருங்கள் என்றார். வெளியே வந்து பி.டி. சார் பைக்கை எடுத்தார். "அவ வாயாடாம கெடக்கது நல்லாவே இல்ல டீச்சர்" என்றார் அப்புறம். அன்று வீட்டில் நான் வைத்த குழம்பில் உப்பே இல்லையாம். சாப்பிடும்போது எனக்குத் தெரியவில்லை.

மருந்து பிடித்தது. அந்த வாரமே எழுந்து வந்துவிட்டாள். ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்ததால் இரண்டு வார மாத்திரை தொடங்கியது. அம்மாவுக்குக் காலை ஷிப்ட். பள்ளி நாட்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் கொடுப்பது, லீவு நாளில் நர்ஸ் வீட்டுக்குப் போய்க் கொடுப்பது என்று டாக்டர் ஏற்பாடு செய்தார்.

காய்ச்சல் போனதும் அவளுக்கு மாத்திரை எதற்கு என்று ஆகிவிட்டது. வாயில் போடுவாள், தண்ணீர் குடிப்பாள், "ஆ" என்று காட்டுவாள், ஓடுவாள். ஒருநாள் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் குனிந்து துப்பியதைப் பி.டி. சார் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, செம்பருத்திக்கு மலேரியா வராது. இங்க வா."

டாக்டரைக் கேட்டு அன்றைய மாத்திரையை மறுபடி எடுத்துவைத்தேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், ஒளவையார் வரைக்கும் போனேன். கடைசியில் வாயைத் திறந்து பேரம் பேசினாள்.

"நான் முழுங்கினா பி.டி. சார் கிரவுண்ட சுத்தி ஒரு ரவுண்டு ஓடணும்."

"என்னது?"

"எங்கள மட்டும் டெய்லி ஓட விடறாரில்ல? நான் விசில் ஊதுவேன், அவரு ஓடணும்."

பி.டி. சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிக் கொடுத்தார்.

அந்த மதியத்தைப் பற்றி எங்கள் பள்ளியில் இன்னமும் பேசுகிறார்கள். விசில் சத்தம் கேட்டு வகுப்புகள் எல்லாம் ஜன்னலுக்கு வந்துவிட்டன. உச்சி வெயிலில் பி.டி. சார் ஓடுகிறார். விசில் ஒடிசாப் பெண் வாயில். "சார், முட்டிய தூக்குங்க! சார், சோம்பேறித்தனம் கூடாது!" அவர் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லும் அதே வசனம். அடுத்த நாள் இரண்டு பையன்கள் பின்னால் ஓடினார்கள். சில நாளில் சின்ன வகுப்புகள் எல்லாம் மாத்திரை வேளைக்குக் காத்திருக்கத் தொடங்கின. முழங்கால் வலிக்கார அறிவியல் ஆசிரியர்கூட வாசலுக்கு வந்து நின்று பார்த்தார். வலி அன்று கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும்.

"சாருக்குத் தொப்பை கொறஞ்சிருக்கு, கவனிச்சீங்களா?" என்றார் தலைமையாசிரியர் என்னிடம். "இன்னும் ஒருத்தருக்கு மலேரியா வந்தா சார் மெலிஞ்சே போயிடுவாரு." சொல்லிவிட்டுத் தானே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மாத்திரை முடிந்தது. மறுபடி எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இல்லை. சுகாதார ஆட்கள் அந்த வீட்டு வரிசை முழுக்கச் சோதித்ததில் ஊரிலிருந்து கூடவே வந்திருந்த அவள் மாமாவுக்கும் இருந்தது தெரிந்து, அவருக்கும் வைத்தியம் நடந்தது. தண்ணீர் டிரம்களுக்கு மூடி வந்தது. நானும் பி.டி. சாரும் சேர்ந்து எத்தனையோ விரல்களைக் குத்திவிட்டோம். அவர் இன்னமும் சுவரைத்தான் பார்க்கிறார்.

அம்மாவுக்கு வார லீவு விழுந்த ஒரு நாள், பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்றிருந்தார். கோட்டும் தொப்பியும் இல்லாமல், மஞ்சள் சேலையில் வேறு ஆள் போல இருந்தார். என்னைக் கண்டதும் கைகூப்பிக்கொண்டு, வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்தவர்போல ஒரு மூச்சு எடுத்துச் சொன்னார்.

"டீச்சர், நிம்மிந்த தும்ப உபகார ஆய்த்து."

உங்களால் பெரிய உபகாரம் ஆயிற்று என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அது கன்னடா! டீச்சர், அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட தமிழ் சொல்லிக்குடுன்னு கேட்டிருக்கு. அவங்க கன்னடாவ சொல்லிக்குடுத்திருக்காங்க."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத் தெரிந்த கன்னடம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கவும் தக்காளி விலை கேட்கவும்தான் போதும். ஆனால் இதற்கு வேண்டிய வார்த்தை என்னிடம் இருந்தது.

"பரவாகில்ல" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. என் கையைப் பிடித்து இரண்டு தடவை அழுத்திவிட்டு, மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். மகள் பின்னாலேயே ஓடினாள். சாலை முனைவரைக்கும் அவள் பேசிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது.